நாலு கோடு இடைவெளி

பல் செட் செய்யும் கூடத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்ததில் அவளுக்குப் பல்லக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. முதலில் கூட வேலை பார்த்தவர்கள் கூப்பிட்டார்கள். பிறகு தெருவே கூப்பிட்டது. கடைசியில் சொந்தக் கொழுந்தனே "அண்ணி" என்பதை விட்டுவிட்டு "பல்லக்கா அண்ணி" என்று ஆரம்பித்தான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "வாய்க்குள்ள போற சாமான் செய்யறேன், வாயில நல்ல பேர் வருமா" என்று சிரித்துவிடுவாள்.

கூடம் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. மெழுகும் பிளாஸ்டரும் கலந்த வாசனை படியேறும்போதே வந்துவிடும். ஜன்னலோர மேஜை அவளுடையது. சூடான சின்னக் கத்தியால் மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு வைப்பாள். பிறகு தாடை போலத் திறந்து மூடும் பித்தளைக் கருவியில் மாட்டி, நடுவில் நீலத் தாளை வைத்து மெல்லக் கடிக்கவிடுவாள். நீலம் எங்கே அழுத்தமாகப் பதிகிறதோ அங்கே ஒரு துளி ராவ வேண்டும். தலைமுடி அளவு தூக்கிக்கொண்டிருந்தாலும் மாட்டியவருக்குத் தாடை வலிக்கும். அந்தத் தலைமுடி அளவை அவள் விரல் நுனியாலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

அவள் கணவர் மருத்துவக் கருவிகள் விற்கும் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. இருபத்தேழு வருடம் ரோட்டிலேயே கழித்தவர். ஊருக்கு ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் கிலோமீட்டரில் சொல்லமாட்டார். "எல்லாருக்கும் மூணு மணி நேரம், எனக்கு ரெண்டேகால்" என்பார். முன்னால் போகும் வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு போவதுதான் அவர் வழக்கம். கொஞ்சம் இடம் விட்டால் எவனாவது நடுவில் புகுந்து உட்கார்ந்துவிடுவான் என்பது அவர் கொள்கை. இடப்பக்க சீட்டில் உட்கார்ந்திருக்கும் பல்லக்கா, ஒவ்வொரு முறையும் வலது காலால் மிதியடியை அழுத்துவாள். அவர் திரும்பிப் பார்க்காமலே சொல்வார்: "இந்தா, அங்க பிரேக் இல்ல."

அவருடைய ஐம்பத்து நாலாவது வயதில் புதுக் கார் வாங்கினார். கருஞ்சாம்பல் நிறம். ஷோரூமிலிருந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதன் பெருமைதான். வேகத்தை ஒரு முறை சொல்லி வைத்துவிட்டால் போதும், ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்கவே வேண்டாம். வண்டியின் மூக்கில் இருக்கும் ரேடார் முன்னால் போகிற வண்டியைப் பார்த்துக்கொள்ளும். அவன் மெதுவாகப் போனால் இதுவும் மெதுவாகப் போகும், அவன் வேகமெடுத்தால் இதுவும் எடுக்கும். எவ்வளவு தூரம் தள்ளி வரவேண்டும் என்று சொல்வதற்கு ஸ்டீயரிங்கில் ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினால் டேஷ்போர்டில் ஒரு சின்னக் கார் படமும் அதன் பின்னால் கோடுகளும் தெரியும். நாலு கோடு என்றால் அதிக தூரம், ஒரு கோடு என்றால் குறைச்சல். அவர் ஒரு கோடு வைத்தார். "மத்ததெல்லாம் பயந்தாங்கொள்ளிக்கு" என்றார்.

நாலு மாதம் கழித்து ஒரு காலையில் அவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். குளியலறையில் ரேசர் விழுந்த சத்தம் கேட்டது. இரண்டாவதாக விழுந்தது அவர்.

பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தபோது வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது. "சரி." பசித்தால் சரி, வலித்தால் சரி, வேண்டாம் என்பதற்கும் சரி. எதிரில் இருப்பவர் சொல்வது எல்லாம் அவருக்குப் புரியும். பதில்தான் உள்ளேயே எங்கோ சிக்கிக்கொள்ளும். பல்லக்கா அந்த ஒரு வார்த்தையின் ஏற்ற இறக்கத்தை வைத்தே தண்ணீரா, தலையணையா, கோபமா என்று கண்டுபிடிக்கப் பழகினாள்.

நூற்றுப்பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு பயிற்சி மையம் இருந்தது. கைகாலுக்கும் பேச்சுக்கும் சேர்த்து செவ்வாயும் வெள்ளியும் பத்தரை மணிக்கு வரச் சொன்னார்கள். முதல் இரண்டு மாதம் கொழுந்தன் ஓட்டினான். அண்ணன் போலவே அவனும் முன்வண்டியின் வாலைப் பிடிப்பவன். ஆனால் அண்ணனுக்கு இருந்த நேரம் தவறாமை இவனுக்கு இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவன் வரவே இல்லை. எட்டு மணிக்கு அவருக்குச் சட்டை போட்டு, ஷூ மாட்டி, வாசலுக்கு நேராக நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். ஒன்பதானது. பத்தானது. போன் எடுக்கவில்லை. பதினொரு மணிக்கு அவர் தன் இடது கையால் ஷூ கயிறை இழுத்து அவிழ்க்கப் பார்த்தார். முடியவில்லை. குனிந்தபடியே, தரையைப் பார்த்து, மெல்ல "சரி" என்றார்.

மறுநாள் காலை அவள் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். வயது ஐம்பத்தொன்று.

கற்றுக்கொடுத்தவள் அவளைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள். எப்போதும் வாயில் மிட்டாய் ஒன்று இருக்கும். எல்லோரும் டீச்சர் என்றார்கள். டீச்சர் கியரையும் கண்ணாடியையும் விட அதிகமாகப் பேசியது தூரத்தைப் பற்றித்தான்.

"முன்னாடி வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டுதுல்ல, அப்ப எண்ண ஆரம்பிங்க. ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு, ஆயிரத்து மூணு. நீங்க முடிக்கிறதுக்குள்ள உங்க வண்டி அந்தக் கம்பத்துக்கு வந்துடுச்சுன்னா, நீங்க ஓட்டல. அவன் உங்களை இழுத்துக்கிட்டுப் போறான்."

"நடுவுல எவனாவது புகுந்தா?"

"புகுந்தா விட்டுட்டு மறுபடி எண்ணுங்க. என்ன, கையில இருக்கிறதையா பிடுங்கிட்டான்?"

முதல் தேர்வில் பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் இடித்துத் தோற்றாள். இரண்டாவதில் தேறினாள். உரிமம் கைக்கு வந்த செவ்வாய்க்கிழமையே அவரை இடப்பக்க சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். நூற்றுப்பத்து கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆனது. வழியெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். தூங்கவில்லை என்பது அவர் தாடை இறுகியிருந்ததிலேயே தெரிந்தது. வீடு திரும்பியபோது அவளுக்கு வலது கெண்டைக்கால் கல்லாக இருந்தது. ராத்திரி சூடான நீரில் காலை வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாவது பயணத்தில்தான் வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் அந்த க்ரூஸைத் தொட்டுப் பார்த்தாள். அவர் செய்து பார்த்த ஞாபகத்தில் பட்டனை அழுத்தினாள். வேகம் தொண்ணூறு என்று டேஷ்போர்டில் பச்சையாக எழுந்தது. கால் லேசானது. நிம்மதி பத்து வினாடிகூட நிற்கவில்லை. முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. கார் அதை நோக்கிப் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. லாரியின் தார்ப்பாய்க் கயிற்றில் போட்டிருந்த முடிச்சுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவள் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். இருவரும் பெல்ட்டில் முன்னால் போய்த் திரும்பி விழுந்தார்கள். பின்னால் வந்தவன் ஹாரனில் திட்டித் தீர்த்தான். க்ரூஸ் அணைந்துவிட்டது. டேஷ்போர்டில் அந்தச் சின்னக் காரின் பின்னால் ஒரே ஒரு கோடு இருந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். "சரி" என்றார். பழைய காலத்து "அங்க பிரேக் இல்ல"யின் அதே ராகம்.

மறுநாள் காரின் கையேட்டைப் பையில் போட்டுக் கூடத்துக்கு எடுத்துப்போனாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அத்தியாயத்தை மூன்று முறை படித்தாள். கோடு என்பது மீட்டர் அல்ல, நேரம் என்று அதில் போட்டிருந்தது. ஒரு கோடு ஏறக்குறைய ஒரு வினாடி, நாலு கோடு இரண்டரை வினாடி. வேகம் கூடினால் அதே கோட்டுக்குத் தூரமும் கூடும். பிளாஸ்டர் பை ஒன்றைத் திருப்பிப் போட்டு அதன்மேல் கணக்குப் போட்டாள். தொண்ணூறில் போனால் ஒரு வினாடிக்கு இருபத்தைந்து மீட்டர். அந்த ஒரு வினாடிக்குள் பார்க்க வேண்டும், பார்த்தது புரிய வேண்டும், கால் தூக்க வேண்டும், மிதிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் வண்டி நிற்கவே ஆரம்பிக்கும். ஒரு கோடு அதற்குள் தீர்ந்துபோய்விடும்.

இன்னொரு பக்கத்தில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டிருந்தார்கள். நின்றுகொண்டிருக்கும் வண்டியை ரேடார் கவனிக்காமல் போகலாம். முன்னால் போகிற வண்டி விலகிவிட்டால் வழி காலி என்று எடுத்துக்கொண்டு கார் வேகம் பிடிக்கலாம். நிறுத்த வேண்டியது ஓட்டுபவரின் பொறுப்பு. பல்லக்கா அதை மட்டும் வாய்விட்டுப் படித்தாள்.

பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, பரீட்சையா?"

"இல்லடி. வாயை மூடி சும்மா இருக்கிறப்ப மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது, ரெண்டு மூணு மில்லிமீட்டர் விடணும்னு நமக்குத் தெரியும். விடலன்னா தாடை ஓயவே ஓயாது. இவ்வளவு பெரிய வண்டி செஞ்சவனுக்கும் அது தெரிஞ்சிருக்கு. எங்க வீட்டுக்காரருக்குத்தான் தெரியல."

வெள்ளிக்கிழமை நாலு கோடு வைத்தாள். கால் பிரேக்குக்கு மேலேயே, மிதிக்காமல், காத்துக்கொண்டிருந்தது. முன்னால் போகும் வண்டி தீப்பெட்டி அளவில் தெரிந்தது. கம்பத்தைப் பார்த்து எண்ணிப் பார்த்தாள். ஆயிரத்து மூணு சொல்ல வாயெடுக்கும்போது கம்பம் தாண்டியது. அவள் தோள் இறங்கியது.

அவர் தோள் ஏறியது. இடைவெளியைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே புகுந்தார்கள். ஒருவன் புகுந்ததும் கார் தானாக வேகத்தைக் குறைத்து, மறுபடி நாலு கோடு பின்வாங்கும். அந்த இடத்தில் இன்னொருவன் வருவான். அவர் இடது கையை முகத்துக்கு நேராகத் தூக்கி விரல் விட்டு எண்ணிக் காட்டினார். அஞ்சு. பிறகு கையை மூடித் திறந்து மறுபடி அஞ்சு. "சரி! சரி! சரி!" என்று கத்தினார். வாழ்நாளில் யாருக்கும் வழிவிடாத மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தாண்டிப்போனது.

"போகட்டுங்க. எல்லாரும் போனப்புறமும் ரோடு மிச்சம் இருக்கும்" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மழை. வைப்பர் ஒரு வீச்சில் துடைத்ததை மழை மறு வீச்சுக்குள் மறைத்தது. அவள் எழுபதில் வைத்திருந்தாள். முன்னால் மரப்பலகை ஏற்றிய லாரி. பின்னால் ஒரு பஸ் நெருங்கி வருவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, டிங் என்று ஒரு சத்தம். மறுபடி டிங். மறுபடி.

திரும்பினாள். அவர் பெல்ட் இறுக, உடம்பைத் திருகி, இடது கையை நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டி ஸ்டீயரிங்கின் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார். டேஷ்போர்டில் ஒரு கோடு. கார் உறுமிக்கொண்டு முன்னால் தாவியது. லாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பலகைகளின் முனையில் கட்டிய சிவப்புத் துணி கண்ணாடிக்கு நேராக வந்தது.

"எடு கையை!"

அவர் கை விறைத்து நின்றது. அவள் பிரேக்கை அழுத்தினாள். சக்கரம் ஒரு கணம் தண்ணீரில் வழுக்கி, பிடித்துக்கொண்டது. பஸ்காரன் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டே பக்கத்தில் தாண்டிப் போனான். சேற்றுத் தண்ணீர் கண்ணாடி முழுக்க அறைந்தது. அடுத்து வந்த பெட்ரோல் பங்கில் திருப்பி, கூரைக்கு அடியில் நிறுத்தினாள். இன்ஜினை அணைத்தாள். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"இருபத்தாறு வருஷம் உங்க பக்கத்துல உக்காந்து வந்தேன். ஒரு நாளாவது ஸ்டீயரிங்ல கை வெச்சேனா? உயிர் போய் உயிர் வந்துச்சு, ஒரு வார்த்தை சொன்னேனா? இப்ப நான் ஓட்டறேன். நல்லா ஓட்டறேனோ மோசமா ஓட்டறேனோ, ஓட்டறது நான். பிடிக்கலன்னா சொல்லுங்க, இப்பவே வீட்டுக்குத் திரும்பறேன். உங்க தம்பி வருவான், வரும்போது போய்க்கோங்க."

அவள் பேசியதெல்லாம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த "எடு"தான் தைத்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து வாங்க போங்கதான். வாய்தவறிக்கூட அவள் ஒருமையில் பேசியதில்லை. அவருடைய இடது கை மடியில், தன் செத்த வலது கையின்மேல் கிடந்தது. "சரி" என்றார். அவளுக்குத் தெரிந்த எந்த ராகத்திலும் அது இல்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மையத்துக்குப் போனார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் படங்களைக் காட்டிக் கேட்டபோது அவர் வாயையே திறக்கவில்லை. "இன்னைக்கு என்ன, சாருக்குக் கோபமா?" என்று அவள் கேட்டாள். "எனக்குத்தாம்மா கோபம்" என்றாள் பல்லக்கா. வரும்போதும் அவர் ஜன்னலைத்தான் பார்த்தார். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் வீட்டில் அந்த ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. தண்ணீர் டம்ளரைக் காட்டி, கண்ணால் கேட்டார். அவளும் "எடு" என்றதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டாள். கேட்டால் பட்டனையும் விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை வெயில் பளிச்சென்று இருந்தது. ரோடு காய்ந்திருந்தது. தொண்ணூறு, நாலு கோடு. அவர் ஜன்னல் பக்கம். பாதி வழியில் ஒரு வெள்ளை வேன் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பார்சல் கொண்டுபோகும் வேன். விளக்கை அடித்து அடித்து அணைத்தது. அவளால் செய்யக்கூடியது எதுவும் இல்லை; பக்கத்து வரிசை நிறைய லாரிகள். கண்ணாடியில் அந்த விளக்கு அடிக்கும்போதெல்லாம் அவள் கழுத்து இறுகியது. லாரி வரிசையில் ஒரு இடைவெளி கிடைத்ததும் வேன் சீறிக்கொண்டு தாண்டி, அவளுக்கு முன்னால் புகுந்தது. கார் மெல்ல மெல்லப் பின்வாங்கியது. ஒரு கோடு, இரண்டு, மூன்று, நாலு. வேனின் பின்கதவு சின்னதாகிக்கொண்டே போனது.

"சரி!" என்றார் அவர். நாலு நாளில் முதல் வார்த்தை. ஏளனம்.

ரோடு லேசாக வளைந்து ஒரு பாலத்துக்கு ஏறியது. வேனுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. வேன் உயரமாக மறைத்தது. திடீரென்று அதன் பின்விளக்கு சிவந்தது. அடுத்த நொடி வேன் வலப்பக்கமாக ஒடித்துத் திரும்பியது. அது விலகிய இடத்தில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. ரோட்டுக் கோடு போடும் லாரி. பின்னால் எச்சரிக்கைக் கூம்பு இல்லை, பலகை இல்லை. ஆள் யாரும் கண்ணில் படவில்லை. நட்ட நடு வரிசையில், நின்றுகொண்டிருந்தது.

கார் உறுமியது. அவள் முதுகில் சீட் அழுந்தியது. வழி காலி என்று நினைத்துவிட்டது.

அவள் கால் ஏற்கனவே பிரேக்கின் மேல் இருந்தது. மிதித்தாள். இடுப்பைத் தூக்கி, முழு எடையையும் அந்த ஒரு காலில் இறக்கினாள். பெடல் காலுக்கு அடியில் தடதடவென்று அதிர்ந்தது. பின் சீட்டிலிருந்த பையும் அவருடைய கைத்தடியும் முன்னால் பாய்ந்து டேஷ்போர்டில் மோதின. லாரியின் பின்பக்கத்தில் பெயிண்ட் சிந்தியிருந்த வெள்ளை வழிசல்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. வெள்ளை வழிசல், ஒரு தொங்கும் சங்கிலி, ஒரு நெளிந்த நம்பர் பலகை. அந்த நேரத்தில் பக்கத்து சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. கணீரென்ற, முழுமையான, எட்டு மாதமாக அவள் கேட்காத குரல். அது சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. யாரோ ஒருவருடைய அம்மாவைப் பற்றிய வார்த்தை.

கார் நின்றது.

பின்னால் பார்த்தாள். ஒரு பஸ் மூக்கை இறக்கிக்கொண்டு வந்து, வந்து, கடைசியில் நின்றது. அபாய விளக்கைப் போட்டாள். பிறகுதான் முன்னால் பார்த்தாள். வேன் முழுதாகத் தப்பவில்லை. அதன் பின்மூலை லாரியில் உரசி, ஒரு சுற்று சுற்றி, பாலத்துக் கம்பியில் மோதி, வந்த திசையைப் பார்த்தபடி நின்றிருந்தது. பின்கதவு பிளந்து ரோடெல்லாம் அட்டைப்பெட்டிகள்.

அவர் பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தபடி, தானே பயந்துபோய், அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் நெற்றியைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள், காலைத் தடவிப் பார்த்தாள். அடி எதுவும் இல்லை.

"என்னங்க சொன்னீங்க இப்ப?"

அவர் வாயைத் திறந்தார். உதடு குவிந்தது. "சரி" என்றுதான் வந்தது.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே கதவைத் திறந்து இறங்கினாள். காருக்கும் லாரிக்கும் நடுவில் எட்டி வைத்து நடந்தாள். ஒன்பது அடி. ஒரு கோட்டில் வந்திருந்தால் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்ததை அங்கேயே நிறுத்தினாள்.

வேன் ஓட்டியவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். முகம் சுண்ணாம்பாக இருந்தது. இடது முன்கை இருக்கக்கூடாத இடத்தில் வளைந்திருந்தது. இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அணைத்தாள்.

"பின்னாடி யாராவது இருக்காங்களா தம்பி?"

"இல்லக்கா. பார்சல்தான்." அவன் பல் அடித்துக்கொண்டது. "நீங்க… உங்க மேல இடிச்சிருப்பேன்ல?"

"இடிக்கல. கையை அசைக்காதீங்க. என்னைப் பாருங்க, கையைப் பார்க்காதீங்க."

பஸ் ஓட்டுநர் ஓடிவந்து பின்னால் வருகிற வண்டிகளை மறித்தார். யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள். லாரிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டிலைக் கையில் பிடித்தபடியே எழுந்து நின்றார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் வேனின் கதவருகேயே நின்று, அவனுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னான்: "வளைவைத் தாண்டினதும் லாரி, அக்கா. வளைவைத் தாண்டினதும் லாரி."

மையத்துக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். நடந்ததைச் சொன்னாள். அந்த வார்த்தையை மட்டும் காதோடு சொன்னாள். பயிற்சி கொடுக்கும் பெண் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, உடனே நிதானத்துக்கு வந்தாள்.

"ரொம்ப நம்பிடாதீங்கம்மா. அதிர்ச்சியில தானா வர்ற வார்த்தை வேற, நினைச்சுச் சொல்ற வார்த்தை வேற. ஆனா கதவு துருப்பிடிச்சுப் போகல. அது தெரிஞ்சுதுல்ல."

அவர் பக்கம் திரும்பி, "சார், அந்த அளவுக்குக் கோபத்தோட 'இல்ல'ன்னு ஒரு தடவை சொல்லுங்க பார்ப்போம்" என்றாள். நாற்பது நிமிடம் முயன்றார். வேர்த்து வழிந்தது. "இ" என்ற சத்தம் மட்டும் வந்தது. அதையே பல முறை சொன்னார்.

சாயங்காலம் கொழுந்தன் செய்தி கேட்டு ஓடி வந்தான். "பல்லக்கா அண்ணி, போதும். உங்களுக்கு ஏன் இந்த வேலை? வண்டியை நான் எடுத்துக்கிறேன், நானே கூட்டிட்டுப் போறேன்" என்றான். அவள் கணவரைப் பார்த்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கி, ஒரு விரலை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டினார். தம்பி புரியாத மாதிரி நின்றான். அவர் மறுபடி ஆட்டினார்.

அவன் போன பிறகு அவள் அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அன்னைக்கு எடுன்னு சொல்லிட்டேன்" என்றாள். அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். சமாதானத்துக்கு என்று சொல்ல முடியாது. கொஞ்சம் பலமாகவே தட்டினார்.

ஒன்பது நாள் கழித்து போலீஸில் வாக்குமூலம் கொடுக்கக் கூப்பிட்டார்கள். நிற்கும் லாரிக்குப் பின்னால் கூம்பு வைக்காத ஒப்பந்தக்காரர் மேல் வழக்கு. நீல நாற்காலிகள் போட்ட அறை. காத்திருந்தபோது கையில் கட்டோடு வேன்காரனும் வந்து வணக்கம் வைத்தான். அதிகாரி கேள்வி கேட்டு எழுதினார். வேகம் என்ன, வெளிச்சம் எப்படி, லாரியில் விளக்கு எரிந்ததா.

"உங்க கார் தானாவே பிரேக் போட்டுச்சா?"

"இல்ல சார். வேன் விலகினதும் அது வேகமெடுத்துச்சு. நான்தான் மிதிச்சேன்."

"வேனுக்கும் உங்களுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்?"

"ரெண்டரை வினாடி."

"மீட்டர்ல சொல்லுங்கம்மா."

"அறுபது. அறுபத்திரண்டு."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். எழுதி, காகிதத்தைத் திருப்பி அவளிடம் தள்ளினார். பல்லக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். நடுவில் நிறுத்தினாள்.

"இருபதுன்னு எழுதியிருக்கீங்க."

"அட, சுமாராத்தானே. அந்த ரோட்டுல யாரும்மா அறுபது மீட்டர் விட்டுட்டுப் போறாங்க? கோர்ட்ல கேட்டா நம்பமாட்டாங்க."

"இருபதுல வந்திருந்தா நான் இங்க உக்காந்திருக்கமாட்டேன் சார். மாத்துங்க."

வேன்காரன் கட்டுப்போட்ட கையோடு எழுந்து வந்தான். "சார், அந்த அக்கா சொல்றது நிஜம். நான் விளக்கு அடிச்சுத் திட்டிக்கிட்டே வந்தது அதுக்குத்தான். தாண்டினப்புறமும் தள்ளித்தான் வந்தாங்க."

அதிகாரி பேனாவைத் திறந்தார். இருபதை அடித்து, மேலே அறுபது என்று எழுதி, ஓரத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டார். பல்லக்கா அதற்கு நேராகத் தானும் ஒரு கையெழுத்துப் போட்டாள். ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். கார் நிழலில் நின்றிருந்தது, உள்ளே கணவர் உட்கார்ந்திருந்தார், அந்த "இ"யைச் சொல்லிப் பார்ப்பதுபோல் உதடு அசைந்துகொண்டிருந்தது. மணி பதினொன்றரை ஆகியிருந்தது. அவரை வீட்டில் விட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடவேண்டும். நாலு மணிக்குள் கொடுக்க வேண்டிய ஒரு கீழ்த்தாடை செட் இன்னும் மெழுகிலேயே இருந்தது.